பல் கிளினிக்கில் கொடுத்த விவரம் வெளியே போய்விட்டால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று மலையக நகரங்களில் தனியார் பல் கிளினிக்குகள் பெருகிவிட்டன. கொப்பியில் எழுதி வைத்த காலம் போய், பெயரும் வருத்தமும் எக்ஸ்ரே படமும் கணினிக்குள் ஏறிவிட்டன. அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். ஒரு கிளினிக்கின் நோயாளி விவரங்கள் களவு போனாலோ, கவனக்குறைவால் வெளியே போனாலோ என்ன செய்வது என்று நோயாளிகளும் கிளினிக் ஊழியர்களும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விவரம் போய்விட்டது என்ற செய்தி கடைசி நோயாளிக்கும் அவருக்கு விளங்கும் மொழியில் போய்ச் சேரும்வரை கிளினிக்கின் கடமை முடியவில்லை. எல்லாப் பதில்களையும் இந்த நிலைப்பாட்டில் நின்றுதான் எழுதியிருக்கிறேன்.

பல்லைப் பத்தின விசயம்தானே? அதுல மறைக்க என்ன இருக்கு?

முதல் நாள் கிளினிக்குக்குப் போனபோது ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொல்லியிருப்பார்கள், அல்லது ரிசெப்ஷன் பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருப்பார். என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா, ஈரல் அழற்சி வந்ததா, எச்.ஐ.வி. இருக்கிறதா, வலிப்பு வருமா, மனநல மருந்து ஏதும் எடுக்கிறீர்களா, பெண் என்றால் வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, வெற்றிலை போடுவீர்களா, குடிப்பீர்களா. ஒரு மனிதரின் முழு உடல்நிலையும் அந்த ஒரு தாளில் வந்துவிடுகிறது.

இதற்கு மேலும் இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியமான காரணம். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையையே துணையாகக் கொண்டு மலை ஏறுகிறவர்கள் நம் தோட்டங்களில் இன்றும் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பல்வலி என்று போகும்போது, கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படையை டொக்டர் காண்பார். சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார், அல்லது பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுப்பார். பதிவில் சந்தேகம் என்று மட்டும்தான் இருக்கும். அந்தப் படை புற்றுநோயாக இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த ஒரு வரி வெளியே வந்தால் மறுநாள் லயம் முழுக்க, "அந்தம்மாவுக்கு கேன்சராம்" என்றுதான் பேச்சாக இருக்கும். மகளுக்குப் பேசிவைத்த கலியாணம் நின்றுபோகும்.

கணவன் அடித்து உடைந்த பல்லோடு வந்து, படியில் விழுந்தேன் என்று சொன்ன பெண்ணின் பதிவில் டொக்டர் தன் சந்தேகத்தை எழுதி வைத்திருப்பார். அந்தத் தாள் கணவனின் கையில் போய்ச் சேர்ந்தால் நடக்கக்கூடியதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

கொழும்பில் ஒரு நோயாளியின் விவரம் வெளியானால் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரியாது. இங்கே பெயரோடு தோட்டத்தின் பெயரும் டிவிசனும் சேர்ந்து வந்தால் வீட்டு வாசல்வரை அடையாளம் தெரிந்துவிடும். அதனால் 'சின்ன ஊர், சின்ன கிளினிக், சின்ன விசயம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஐடி நம்பரும் போன் நம்பரும் மட்டும்தான் போயிருக்காம். அதனால என்ன?

பழைய அடையாள அட்டை இலக்கத்தில் 9 எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 எண் அட்டையில் பிறந்த ஆண்டு 4 எண்களில் முழுதாகவே இருக்கும், அடுத்த 3 எண்களில் நாள். ஆகவே அந்த இலக்கத்தைப் பார்த்தவுடன் உங்கள் வயதும், பிறந்த தேதியும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

இப்போது ஏமாற்றுக்காரனின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஈ.பி.எஃப். பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். தோட்டத்தின் பெயரும், 50ஐத் தொட்ட பெண் என்ற விவரமும், போன் இலக்கமும் கையில் இருக்கிறது. "அம்மா, உங்க ஈ.பி.எஃப். காசு ரெடி. போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று ஒரு அழைப்பு. உண்மையான பெயரையும், பிறந்த தேதியையும், போன மாதம் பல் பிடுங்கிய விசயத்தையும்கூடச் சொல்லும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? காலமெல்லாம் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் அது.

உங்கள் இலக்கத்தை வைத்து வேறொருவர் கடனுக்கு விண்ணப்பிக்கவும் பார்க்கலாம், சிம் எடுக்கவும் பார்க்கலாம். குழுக் கடன்காரர்கள் லயம் லயமாக ஏறி இறங்கும் இடங்களில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பெயரில் என்ன கடன்கள் பதிவாகியிருக்கின்றன என்ற அறிக்கையைக் 'கிரிப்' எனப்படும் கடன் தகவல் பணியகத்திடம் நீங்களே கேட்டுப் பெறலாம். உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று தொலைபேசிக் கம்பனியின் கிளையில் விசாரியுங்கள்.

ஹேக்கர் எல்லாம் இந்த மலைக்கா வரப்போகிறான்?

அவன் மலை ஏறி வரத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய 400 பல் கிளினிக்குகளின் கோப்புகள் ஒரே தாக்குதலில் பூட்டப்பட்டன. அந்த 400 இடங்களையும் யாரும் தேடித் தேடி உடைக்கவில்லை. எல்லாரும் பாதுகாப்புப் பிரதி எடுக்கப் பயன்படுத்திய ஒரே சேவையின் வழியாக உள்ளே போனார்கள். நம் கிளினிக்குகளிலும் மென்பொருள் விற்றவர் தூரத்திலிருந்து பழுது பார்க்கவென்று ஒரு வழி திறந்து வைத்திருப்பார். பல இடங்களில் அதன் கடவுச்சொல் கிளினிக்கின் பெயரும் 123உம்.

ஆனாலும் கசிவு என்றால் ஹேக்கர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பல் செட் செய்யும் லேப்புக்கும், ஆலோசனை கேட்டு வேறு டொக்டருக்கும், நோயாளியின் வாய்ப் படமும் எக்ஸ்ரேயும் வட்ஸ்அப்பில் போகின்றன. எக்ஸ்ரேயின் மூலையில் பெயர் இருக்கும். ஒரு விரல் தவறினால் படம் கோவில் கமிட்டி குரூப்பில் விழும். ரிசெப்ஷன் பிள்ளையின் சொந்தப் போனில்தான் கிளினிக் வட்ஸ்அப் ஓடுகிறது என்றால், அவர் வேலையை விட்டுப் போகும்போது எல்லாப் படமும் அவரோடு போகும். பழைய கணினியைக் கண்டியில் கொண்டுபோய் விற்கிறார்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவதில்லை. பழைய நோயாளி அட்டைகளைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடுகிறார்கள். அது கடலைச் சுருளாகத் திரும்பி வரும். எக்ஸ்ரேயையும் அட்டையையும் கிழித்து எரிக்காமல் வெளியே விடுவதும் கசிவுதான், கம்ப்யூட்டர் சம்பந்தப்படவே வேண்டியதில்லை.

நடந்ததைக் கிளினிக் எங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடல்நலம் பற்றிய விவரமும், பிள்ளைகளின் விவரமும் அதில் விசேட வகைக்குள் வருகின்றன, கூடுதல் பாதுகாப்புக் கோருபவை. தரவு மீறல் நடந்தால் அதை வைத்திருந்தவர் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு எப்போது, எப்படி அறிவிப்பது என்பது அதிகாரசபையின் விதிகளைப் பொறுத்தது. சட்டத்துக்கு இணங்காவிட்டால் ஒரு கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

சட்டம் கட்டம் கட்டமாகத்தான் அமுலுக்கு வருகிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அரசாங்கம் அதைத் தள்ளிவைத்து, சட்டத்தைத் திருத்தவும் செய்தது. ஆகவே முறைப்பாடு எழுதும் அன்றைக்கு எந்தெந்தப் பிரிவுகள் அமுலில் இருக்கின்றன என்று அதிகாரசபையிடமே கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

அமுலில் இல்லை என்ற சாக்கில் வாய் மூடியிருக்கும் டொக்டரை என்னால் ஏற்கவே முடியாது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது இந்தச் சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே வைத்தியரின் தொழில் ஒழுக்கம். இலங்கையில் பல் வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர்கள்தான், ஒழுக்கம் தவறினால் அங்கே முறைப்பாடு செய்யலாம். தனியார் கிளினிக்குகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப் பேரவையில் பதிவு செய்யப்பட வேண்டியவை. அதுவும் ஒரு கதவு.

மறைத்தால் மறைந்துவிடும் என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 'வெஸ்ட்எண்ட் டென்டல்' என்ற பல் கிளினிக் நிறுவனத்தின் கணினிகள் 2020இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயின. அவர்கள் உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை. பிறகு ஒரு நோயாளி தன் பதிவுகளைக் கேட்டுக் கிடைக்காமல் முறைப்பாடு செய்ய, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. மாநிலத்துக்கு 350,000 டொலர் கட்ட ஒத்துக்கொண்டார்கள்.

நாங்கள் கிளினிக் நடத்துகிறோம். நோயாளிகளுக்கு எப்படி அறிவிப்பது? கடிதம் போட்டால் போதாதா?

போதாது. நகரத்துக்குக் கடிதம் போதலாம். தோட்டத்து முகவரி என்பது பல குடும்பங்களுக்கு ஒரே முகவரி. தபால் தோட்ட ஆபிஸுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடப்படும். இரண்டு வாரம் மேசையில் கிடக்கும், ஒரே பெயருள்ள இன்னொருவர் பிரித்துப் படிப்பார். உறையின் மேல் கிளினிக்கின் பெயரும், உள்ளே 'உங்கள் வாய்ப் பரிசோதனை முடிவு' என்ற சொற்களும் இருந்தால் அறிவிப்பே இரண்டாவது கசிவாகிவிடும்.

போனிலும் இதே சிக்கல். நோயாளி கொடுத்த இலக்கம் பக்கத்து வீட்டாருடையதாக இருக்கும், கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையதாக இருக்கும். போனை எடுப்பவரிடம் இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்: "பல் கிளினிக்கில் இருந்து பேசுகிறோம். அவரோடுதான் பேச வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தால் இருப்பார்?"

உரியவர் வந்த பிறகு இப்படிச் சொல்லலாம்: "எங்கள் கணினியில் இருந்த விவரங்கள் களவு போயிருக்கின்றன. உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், எக்ஸ்ரே ஆகியவையும் அதில் இருந்தன. இதை வைத்து யாராவது உங்களை ஏமாற்றப் பார்க்கலாம். நாங்கள் உங்களிடம் காசோ, போனுக்கு வரும் இரகசிய இலக்கமோ கேட்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் இந்த அழைப்பை வைத்துவிட்டு, எங்கள் மருந்துத் துண்டில் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திருடனும் இதே மாதிரிதான் பேசத் தொடங்குவான்.

நாளுக்கு நாற்பது பேர் என்று அழைத்தாலும் ஆயிரம் பேருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் பொது அறிவிப்பும் வேண்டும். பெயர் ஒன்றும் போடாமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிரட்டுக்களத்திலும், பிள்ளைக்காம்பராவிலும், தோட்ட வைத்திய நிலையத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்குப் படித்துச் சொல்ல அந்த இடங்களில் ஆள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி பேஸ்புக்கில் போட்டுவிட்டு அறிவித்துவிட்டோம் என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அவமரியாதை.

எல்லா விசாரணையும் முடியட்டும், பிறகு சொல்கிறோம் என்று காத்திருக்கவும் வேண்டாம். தெரிந்ததை இன்று சொல்லுங்கள், மிச்சம் தெரியவரும்போது மறுபடி சொல்லுங்கள். வாய்ப் புற்றுநோய்ச் சந்தேகம், கர்ப்பம், தொற்றுநோய், வீட்டில் அடிபட்ட காயம் என்று எழுதப்பட்ட பதிவுகளுக்கு உரியவர்களை முதலில் அழையுங்கள். அகர வரிசையில் போகாதீர்கள்.

நான் நோயாளி. என் விவரமும் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதலில் என்ன செய்ய?

கிளினிக்குக்குப் போய் நேரே கேளுங்கள்: என்னைப் பற்றி என்னென்ன வைத்திருந்தீர்கள், அதில் எது போனது, எப்போது போனது, யாருக்கெல்லாம் அறிவித்தீர்கள். வாயால் கேட்பதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிரதியில் தேதியும் ஒப்பமும் வாங்குங்கள். நாலு வரி போதும். பிள்ளைகள் யாராவது எழுதித் தரட்டும். அன்றைய பற்றுச்சீட்டையும் மருந்துத் துண்டையும் எறியாதீர்கள்.

அடுத்தது வீட்டில் போன் எடுக்கும் எல்லாருக்கும் சொல்லி வைப்பது. ஓடிபி என்று வரும் இலக்கத்தை எவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, பேங்க் என்றாலும், ஈ.பி.எஃப். என்றாலும், கிளினிக் என்றாலும். அந்தப் போன் இலக்கம்தான் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது என்றால் வங்கியில் ஒரு தடவை போய்ச் சொல்லி வையுங்கள்.

என் வாய்ப் படத்தையும் ரிப்போர்ட்டையும் வெளியிடுவோம் என்று மெசேஜ் வருகிறது. காசு கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். பின்லாந்தில் 'வஸ்தாமோ' என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன், 2020இல் நிறுவனத்தை மிரட்டியதோடு நில்லாமல் பல்லாயிரம் நோயாளிகளுக்குத் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்டான். சிலருடைய குறிப்புகளை இணையத்திலும் போட்டான். வேறு நாட்டில் பிடிபட்டு, 2024இல் 6 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றான். திருடிய பிரதியை அழித்துவிட்டேன் என்று அவன் சொன்னாலும் அதை நம்ப எந்த வழியும் இல்லை. ஒரு தடவை கொடுத்தவரிடம் மறு தடவையும் வருவான்.

மெசேஜை அழிக்காமல் போன் திரையைப் படம் பிடித்து வையுங்கள், இலக்கமும் நேரமும் தெரிய. கணினித் தாக்குதல் முறைப்பாடுகளைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் துரித இலக்கம் 101. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதற்கு 5 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். அப்படி எடுத்த தரவை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். குரூப்பில் வந்ததை "பார்த்தீங்களா" என்று அடுத்த குரூப்புக்குத் தட்டிவிடும் பழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.

பல்லுக்குக் கிளிப் போட எடுத்த முகப் படங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையவை. அவை தவறான கைக்குப் போனால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். பெண்களுக்கு 1938. பிள்ளையைத் திட்டாதீர்கள். படம் எடுத்தது வைத்தியத்துக்காக, அவள் செய்த குற்றம் எதுவுமில்லை.

பொலிஸுக்குப் போனால் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

வாசித்து விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். அன்று அவர் இல்லை என்றால், வீட்டிலேயே தமிழில் எழுதிய முறைப்பாட்டைக் கையளித்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். தரவு, சர்வர் போன்ற சொற்கள் வரும் முறைப்பாட்டில் ஒரு சொல் மாறினாலும் கதை மாறிவிடும் என்பதால் எழுதிக்கொண்டு போவதே நல்லது.

நான் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். காலையில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்பும் பூட்டியிருக்கிறது, காசு கேட்டு ஒரு கடிதம் தெரிகிறது.

இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டாம். எப்படி உள்ளே வந்தார்கள் என்ற தடயம் நினைவகத்தில் இருக்கக்கூடும். திரையைப் போனில் படம் எடுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். பாதுகாப்புப் பிரதி இருக்கும் வெளி டிஸ்க்கை அவசரத்தில் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள், அதுவும் பூட்டப்படும். தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு விண்டோஸை மறுபடி போடச் சொல்வது இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி பார்ப்பது. எது போனது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பே அதோடு போய்விடும். டொக்டருக்கு அறிவித்த கையோடு 101க்கு எடுங்கள்.

அன்றைய நோயாளிகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். வீங்கிய கன்னத்தோடு மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவரை, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

பிரதி பற்றி ஒன்று. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பே பணயத் தாக்குதலுக்கு உள்ளாகி, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லாமல் போயின. அந்தக் காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. ஒரு கிளினிக்குக்கு வேண்டியது இரண்டு வெளி டிஸ்க்குகள், மாறி மாறி. ஒன்று எப்போதும் கணினியோடு பொருத்தப்படாமல், பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும். அதில் உள்ளதைத் திறக்கவும் கடவுச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் களவு போவதே அடுத்த கசிவு.

டொக்டர் "வெளியே மூச்சு விடாதே" என்கிறார். நான் என்ன செய்வது?

உங்கள் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஹட்டனில் வெள்ளைக் கோட்டுப் போட்டுச் செய்யும் வேலை ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு எளிதில் கிடைப்பதில்லை. முதலில் டொக்டரிடம் தனியாகப் பேசுங்கள், மறைத்துப் பிடிபட்டால் வரும் நட்டம் சொல்லியதால் வரும் நட்டத்தைவிடப் பெரிது என்று. நடந்தது, நேரம், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். நோயாளி விவரத்தை மட்டும் ஆதாரம் என்று உங்கள் போனுக்கு எடுக்காதீர்கள். பிறகு பழி உங்கள் மேல்தான் திரும்பும்.

பேஸ்புக்கில் எழுதி நாறடிக்கலாமா?

கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் வருத்தத்தை நீங்களே ஊருக்குச் சொல்லாமல் எழுதுங்கள். கிளினிக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: டல்லஸ் நகரில் ஒரு பல் கிளினிக், இணையத்தில் குறை எழுதிய நோயாளிக்குப் பதில் சொல்லும்போது அவருடைய சிகிச்சை விவரத்தைப் போட்டு 2019இல் 10,000 டொலர் கட்டியது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் காட்டினால் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

அங்கே பல இடங்களில் கிளினிக் கொப்பி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நட்டஈடு கிடைக்குமா?

அதிகாரசபை விதிக்கும் தண்டம் உங்கள் கைக்கு வருவதல்ல. நட்டஈடு வேண்டுமானால் சட்டத்தரணி மூலம் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவச ஆலோசனை கேட்கலாம். கையில் பற்றுச்சீட்டும், ஒப்பம் வாங்கிய கடிதமும், மெசேஜ் படங்களும் இருந்தால்தான் பேச்சுக்கே இடமிருக்கும்.

இனிமேல் டொக்டரிடம் எதையும் உண்மையாகச் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது போல.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கசிவுக்குப் பிறகு எனக்கு இருக்கும் மிகப் பெரிய பயம் இதுதான். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் அதை மறைத்துப் பல் பிடுங்கினால் இரத்தம் இலேசில் நிற்காது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் சொல்லாமல் விட்டால், வீக்கத்துக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் உயிருக்கே ஆபத்தாகும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறச் சுணங்கும். எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. கர்ப்பத்தை மறைத்தால் பிறக்கும் பிள்ளையின் பல்லையே கறையாக்கும் டெட்ராசைக்கிளின் போன்ற மருந்து எழுதப்படலாம். வெற்றிலை போடுவதை மறைத்தால், கன்னத்து வெள்ளைப் படையை டொக்டர் கூடுதல் கவனத்தோடு தேட மாட்டார்.

மருந்து, வருத்தம், ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிகிச்சைக்குத் தேவையில்லாததைக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ரிசெப்ஷனில் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்கிறார்கள் என்றால், "உள்ளே டொக்டரிடம் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடையாள அட்டையைப் போட்டோ எடுக்க வேண்டுமென்றாலும் காரணம் கேளுங்கள். பல் அடைக்க அது தேவையில்லை.

எனக்கு நரம்பு வைத்தியம் பாதியில் இருக்கிறது. அந்தக் கிளினிக்குக்குப் போக இனி மனமில்லை.

மாறலாம், பாதியில் நிறுத்தத்தான் கூடாது. உள்ளே சுத்தம் செய்து மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. அது சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும், பல் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. எக்ஸ்ரேயின் பிரதியையும், பல் வேரின் எந்தக் கால்வாயில் எவ்வளவு வேலை முடிந்தது என்று ஒரு துண்டில் எழுதியும் கேட்டு வாங்குங்கள். கோபத்தில் வாங்காமல் வந்தால் புதிய இடத்தில் மறுபடி எக்ஸ்ரே, மறுபடி காசு. வட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டால், உங்கள் சொந்த இலக்கத்துக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அச்செடுத்து உறையில் போட்டு வாங்குங்கள். புதிய டொக்டரிடம் அந்த உறையை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.